திங்கட்கிழமைச் சண்டையில் எங்கே நிற்பது?

தம்பி, பிலடெல்பியாவுக்கு அருகே மால்வெர்ன் பக்கம் வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை காலையில் ஈகிள்ஸ், ஈகிள்ஸ் என்று (பிலடெல்பியாவின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி) அரை மணி நேரம் கத்திவிட்டுத்தான் உங்கள் டீம் வேலையைத் தொடுகிறது. முந்தின நாள் ஜெயித்திருந்தாலும் சண்டைதான். "ஒன்றும் புரியாமல் காபிக் கோப்பையோடு நிற்கிறேன் அக்கா, கிரிக்கெட்டை விட்டுவிட்டு இதைப் படித்தே ஆகவேண்டுமா, இல்லையென்றால் ஒதுக்கிவிடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒதுக்க மாட்டார்கள். புரமோஷனும் இதனால் வராது, இதனால் போகவும் போகாது. ஒரு ஆட்டம்கூடப் பார்க்காமல் பெரிய பதவிக்குப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ஆனால் தெரிந்த மாதிரி நடிக்க மட்டும் நடிக்காதீர்கள். பிலடெல்பியாக்காரர்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். "நேற்று மேட்ச் பார்த்தாயா?" என்றால், "இல்லை, என்ன ஆச்சு?" என்று திருப்பிக் கேளுங்கள். பத்து நிமிடம் அவர்களே பேசுவார்கள். நீங்கள் தலையாட்டினால் போதும்.

விதிகள் முழுவதும் இப்போதே வேண்டாம். என்.எஃப்.எல். என்ற இந்த லீக்கில் மொத்தம் 32 அணிகள். ஓர் அணிக்கு லீக் ஆட்டம் 17தான், வாரத்துக்கு ஒன்று. இந்த இடைவெளிதான் எல்லாச் சண்டைக்கும் வேர். ஐபிஎல்லில் இன்று தோற்றால் மூன்று நாளில் அடுத்த ஆட்டம் வந்து மறக்கடித்துவிடும். இங்கே ஒரு தோல்வியை வைத்துக்கொண்டு ஏழு நாள் மென்றாக வேண்டும். அப்புறம் ஆட்டத்துக்குள் ஒரே ஒரு கணக்கு: பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. மூன்றில் முடியாவிட்டால் நான்காவதில் பந்தை உதைத்துவிடுவதா, துணிந்து ஆடுவதா? அந்த முடிவை கோச் எடுக்கிறார், அதைத்தான் மறுநாள் ஊரே கூடி விசாரிக்கிறது. ஒரு யார்டு தேவைப்பட்டால் ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) குனிந்து நிற்க, பின்னாலிருந்து இருவர் தள்ளிவிடும் ஆட்டம் ஒன்று உண்டு. அதைத் தடை செய்யவேண்டும் என்று 2025 மே மாதம் அணி உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டார்கள். 24 ஓட்டு வேண்டிய இடத்தில் தடைக்கு 22தான் விழுந்தது. உங்கள் ஆபீஸில் வேறு ஊர்க்காரர் யாராவது இருந்தால் இதைச் சும்மா கேட்டுப் பாருங்கள், அன்று மதியம் வரை வேலை நடக்காது.

ஜெயித்தாலும் ஏன் திட்டுகிறார்கள் என்றீர்களே, அதற்கு 2024 சீசனைச் சொன்னால்தான் புரியும். அதற்கு முந்தைய ஆண்டு ஈகிள்ஸ் முதல் 11 ஆட்டத்தில் பத்தை ஜெயித்துவிட்டு, கடைசி ஆறில் ஐந்தைக் கோட்டைவிட்டது. பிளேஆஃபின் (லீக் ஆட்டங்களுக்குப் பின் வரும் நாக்-அவுட் சுற்று) முதல் ஆட்டத்திலேயே டாம்பா பேயிடம் 32-9 என்று உதை. கோச் நிக் சிரியானியைத் தூக்கவேண்டும் என்று பாதிப் பேர், இன்னொரு வாய்ப்புத் தரலாம் என்று மீதிப் பேர். அந்தக் கோபம் ஆறாமலே புது சீசன் தொடங்கியது. நியூயார்க் ஜயண்ட்ஸிலிருந்து சாக்வான் பார்க்லி என்ற ரன்னிங் பேக்கை, அதாவது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் வீரரை, எடுத்துவந்திருந்தார்கள். இரண்டாவது ஆட்டம் அட்லாண்டாவோடு. கடைசி நிமிடங்களில் ஈகிள்ஸ் முன்னிலை, எதிரணியிடம் கடிகாரத்தை நிறுத்த டைம் அவுட்டே இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியிருந்தால் கடிகாரமும் சேர்ந்து ஓடியிருக்கும். கோச் பந்தை எறிந்து பாஸ் ஆடச் சொன்னார், பந்து பார்க்லியின் கைக்கு வந்து நழுவியது, 22-21 என்று தோல்வி. அது திங்கள் இரவு ஆட்டம் என்பதால் சண்டை செவ்வாய்க்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான்! பந்தை விட்டவன் குற்றமா, பாஸ் ஆடச் சொன்னவன் குற்றமா என்று எங்கள் ஆபீஸ் இரண்டாகப் பிரிந்து நின்றது.

நான்கு ஆட்டம் முடிந்தபோது இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. அக்டோபரில் கிளீவ்லாந்தை 20-16 என்று ஜெயித்தார்கள், சொந்த மைதானத்தில். ஜெயித்த கோச் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கத்தினார், மறுநாள் மன்னிப்பும் கேட்டார். டிசம்பரில் தொடர் வெற்றியில் இருந்த நேரம், கரோலினாவை 22-16 என்று ஜெயித்த பிறகு, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று பாஸ் பிடிக்கும் வீரர் ஏ.ஜே. பிரவுனிடம் கேட்டார்கள். "பாஸிங்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். அவர் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸைத்தான் குத்துகிறார் என்று அந்த வாரம் முழுக்க ரேடியோவில் பஞ்சாயத்து. வெளியூர்க்காரனுக்கு இது நன்றிகெட்ட கூட்டமாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்கும் அணியைத் திட்டுவதில் இவர்களுக்குச் சுவாரசியமே இல்லை. ஜெயிக்கும் அணியில் ஓட்டை தேடுவதில்தான் இவர்கள் பாசமே இருக்கிறது.

உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டிய வழக்கு அந்த சீசனின் கடைசி லீக் ஆட்டத்தில் வந்தது. பார்க்லி 16 ஆட்டத்தில் 2,005 யார்டு ஓடியிருந்தார். 1984இல் எரிக் டிக்கர்சன் ஓடிய 2,105தான் ஒரு சீசனுக்கான சாதனை, நாற்பது ஆண்டாக யாரும் தொடவில்லை. இன்னும் 101 யார்டு ஓடினால் சாதனை கையில். எதிரணி யார் தெரியுமா? அவரைப் போகவிட்ட அதே ஜயண்ட்ஸ், அந்த ஆண்டு மூன்றே வெற்றி பெற்ற அணி. பிளேஆஃபில் ஈகிள்ஸின் இடம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. கோச் அவரை இறக்கவேயில்லை.

அந்த வாரத்துச் சண்டை இருக்கிறதே! ஒரு பக்கம், "இப்படி ஒரு வாய்ப்பு வாழ்நாளில் இன்னொரு முறை வருமா, பாதி ஆட்டமாவது ஆடவிடக்கூடாதா?" மறுபக்கம், "அடுத்த வாரம் பிளேஆஃப், முழங்கால் போனால் சாதனையை வைத்து என்ன செய்வாய்?" என் பக்கத்து மேசைக்காரர், 'குட் மார்னிங்' தவிர என்னிடம் அதிகம் பேசாதவர், திரும்பி, "நீ கோச்சாக இருந்தால் என்ன செய்வாய்?" என்றார். நான் 2004 முல்தானைச் சொன்னேன். சச்சின் 194இல் நிற்கும்போது திராவிட் டிக்ளேர் செய்தது, நாடே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது, இந்தியா அந்த டெஸ்ட்டை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்தும் வாக்குவாதம் இன்றுவரை ஓயாதது எல்லாம். மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டெஸ்ட் மேட்ச் ஐந்து நாள் நடக்கும் என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

ஆகவே கிரிக்கெட்டை விடாதீர்கள். இந்தச் சண்டை உங்களுக்குப் புதிது இல்லை, ஆட்டம்தான் புதிது. சாதனை பெரிதா அணி பெரிதா, நட்சத்திரமா கோச்சா, இதையெல்லாம் டீக்கடையில் நின்று நிறையப் பேசியவர்தானே நீங்கள்?

அப்புறம் என்ன ஆனது என்றால், ராம்ஸோடு கொட்டும் பனியில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில் பார்க்லி 205 யார்டு ஓடினார். அடுத்து வாஷிங்டனை 55-23. 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் கான்சாஸ் சிட்டியை 40-22 என்று அடித்து சூப்பர் பௌல், அதாவது லீக்கின் இறுதி ஆட்டத்தில் கோப்பை. இடைவேளையிலேயே 24-0. ஓய்வு கொடுத்தது சரிதான் என்று ஒரு கட்சி மார்தட்டியது. "இரண்டையுமே வாங்கியிருக்கலாம்" என்று இன்னொரு கட்சி இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சத்தத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். 1968இல் சான்டா கிளாஸ் வேடம் போட்டு வந்தவர் மேலேயே பனியுருண்டை எறிந்த ஊர் இது. 1999இல் டானவன் மெக்னாப் என்ற குவார்ட்டர்பேக்கை அணிக்குத் தேர்ந்தெடுத்த நிமிடமே கூச்சல் போட்டு அவமானப்படுத்தினார்கள். பின்னாளில் அணியை சூப்பர் பௌல் வரை கூட்டிப்போனவர் அவர்தான். உங்கள் டீமில் கத்திக்கொண்ட இருவரும் மதியம் ஒன்றாகத்தான் சாப்பிடப் போயிருப்பார்கள், கவனித்துப் பாருங்கள்.

சில நடைமுறை விஷயங்கள். உள்ளூர் ஈகிள்ஸ் ஆட்டங்கள் சாதாரண ஆன்டெனாவிலேயே வரும், சந்தா எதுவும் கட்டாதீர்கள். காரில் போகும்போது 94.1 டபிள்யூ.ஐ.பி. ரேடியோவைப் போட்டுவிடுங்கள். விடிகாலையிலேயே ஜனங்கள் போன் போட்டுப் பொங்குவார்கள். இந்த ஊர் இங்கிலீஷுக்குக் காது பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆபீஸில் ஃபேன்டஸி லீக் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைக்கும் விளையாட்டு) இருந்தால் சேருங்கள், கடைசி இடம் வந்தாலும் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. பந்தய ஆப் பக்கம் மட்டும் போகாதீர்கள். பென்சில்வேனியாவில் அது சட்டப்படி சரிதான், ஆனால் வந்த புதிதில் அந்தப் பணம் உங்களுக்கு வேறு எதற்காவது வேண்டியிருக்கும். வீரனுக்கு அடிபட்டால் ஜோக் அடிக்கக் கூடாது, எதிரணி வீரனாக இருந்தாலும்.

ஈகிள்ஸின் பரம எதிரியான டல்லஸ் கவ்பாய்ஸ் பிடிக்கும் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். டெக்சாஸில் இருந்துவிட்டு வந்து நிஜமாகவே பிடித்திருந்தால் அது வேறு, தைரியமாகச் சொல்லுங்கள். தினமும் வாங்கிக்கட்டிக்கொள்வீர்கள், ஆனால் போன வாரம்தான் ரசிகனான ஆளைவிட உங்களுக்கு மரியாதை அதிகம் கிடைக்கும்.

ஜனவரியில் பிளேஆஃபும் நம் பொங்கல் விழாக்களும் ஒரே வாரக்கடைசியில் வந்து மோதும். மேடையில் பிள்ளைகள் ஆட, ஹாலின் பின்வரிசையில் அப்பாக்கள் எல்லாம் தலைகுனிந்து செல்போனில் இருப்பார்கள். அங்கே போய் உட்காருங்கள், தமிழிலேயே விளக்கம் கிடைக்கும். அதுவரை பொறுக்க முடியாவிட்டால் ஞாயிறு ஒரு மணி ஆட்டத்துக்கு எக்ஸ்டனில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஹர்ட்ஸைப் பற்றி என் மகனிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், நிறுத்துவதுதான் கஷ்டம். பச்சைச் சட்டை இல்லாவிட்டால் பரவாயில்லை. டல்லஸின் நீலம் மட்டும் வேண்டாம்.