தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடி மாவட்டத்துக் கிறிஸ்தவ கிராமம் ஒன்றைச் சேர்ந்தவன். நான்கு வருடங்களாகப் பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மதிய உணவு வேளையில் உடன் வேலை செய்பவர்கள், உயிர்த்தெழுதலுக்கு என்ன ஆதாரம், பரிணாமக் கொள்கைக்கு உன் வேதம் என்ன சொல்கிறது என்று என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்கிறார்கள். நான் விட்டுக்கொடுப்பதில்லை. தேவசகாயம் பிள்ளையைப் போல உறுதியாக நிற்க வேண்டும் என்றே ஜெபிக்கிறேன். ‘உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்’ என்று பேதுரு எழுதியிருக்கிறார் அல்லவா, அவர்களை வாயடைக்கச் செய்யும் புத்தகங்கள் சிலவற்றைத் தாங்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கடந்த ஈஸ்டர் அன்று என் அண்ணன், தனக்கு இனி விசுவாசம் இல்லை, ஆலயத்துக்கு வரப்போவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார். இரவு இரண்டு மணி வரை அவரோடு வாதாடினேன். என் கேள்விகளுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மா அனுப்பும் வசனங்களின் கீழே அவர் எதையாவது எழுதினால் அக்காவின் பிள்ளைகள் படிப்பார்களே என்பதற்காக, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறேன் என்கிறார். விசுவாசம் இல்லாத ஒருவரைக் குடும்ப ஜெபத்தில் உட்கார வைப்பது சரியா?

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் யோவான் சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். அந்த அதிகாரம் மனத்தில் இல்லாதிருந்தால், இவ்வகைக் கடிதங்களுக்கு வழக்கமாக எழுதும் நான்கு வரிகளை எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன்.

பரிணாமக் கொள்கையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு உயிரியல் தெரியாது என்றால், தெரியாது என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதனால் இடிந்துபோன விசுவாசத்தை நான் பார்த்ததில்லை. தெரிந்ததுபோல் பேசி இடிந்தவற்றைப் பார்த்திருக்கிறேன். புத்தகங்களின் பட்டியலையும் நான் தரப்போவதில்லை. கையில் கல்லை வைத்துக்கொண்டு நிற்பவரிடம், இதைவிடக் கனமான கல் எங்கே கிடைக்கும் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

தேவசகாயம் பிள்ளையின் பெயரை நீங்கள் எழுதியிருப்பதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் பணியாற்றி, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற அந்த மனிதர், 1749-ல் கைது செய்யப்பட்டு, எருமையின் மேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வதைபட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உங்களைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் உங்களோடு சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டு கேள்வி கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்காதீர்கள். கேள்வி கேட்கப்படுவது துன்புறுத்தப்படுவது ஆகாது. அவருடைய வாழ்க்கையிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள விரும்பினால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர்ப் படையில் பணியில் அமர்ந்த, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், இழப்புகளால் மனம் உடைந்திருந்த தேவசகாயத்துக்கு முதலில் சொன்னது யோபுவின் கதையை என்றே அவருடைய சரிதம் கூறுகிறது. கடவுளின் முகத்துக்கு நேரே நின்று வழக்காடிய மனிதரின் கதை அது. அதன் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபித்துக்கொள்வது யோபுவின் மேல் அல்ல. அவருக்கு வரிக்கு வரி விடை சொல்லி மடக்கப் பார்த்த நண்பர்களின் மேல். நாற்பத்திரண்டாம் அதிகாரம், ஏழாம் வசனம். எடுத்து வாசியுங்கள்.

அடுத்தது பேதுருவின் வசனம். அதை நீங்கள் அரைகுறையாக எழுதியிருக்கிறீர்கள். ‘உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்’ என்பதுதான் முழு வாக்கியம். ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ என்ற இரண்டு சொற்கள் உங்கள் கடிதத்தில் எங்கே போயின? நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் ‘உத்தரவு’ என்ற சொல்லுக்கு மறுமொழி என்று பொருள். இன்றைய வழக்கில் அது கட்டளை ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரவு இரண்டு மணி வரை உங்கள் அண்ணனுக்கு நீங்கள் சொன்னது இன்றைய பொருளில்தான் உத்தரவாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ‘அவரால் பதில் சொல்ல முடியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் இருக்கும் மகிழ்ச்சியை நீங்களே ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள்.

இப்போது யோவான் இருபது. உயிர்த்தெழுந்த நாளின் மாலையில் இயேசு சீஷர்களுக்குக் காட்சி தந்தபோது அவர்களில் ஒருவனான தோமா அங்கே இல்லை. பிறகு அவன் வந்ததும், ‘கர்த்தரைக் கண்டோம்’ என்று அவர்கள் சொல்கிறார்கள். ஆணிகளின் காயத்தில் விரலை இட்டு, விலாவில் கையைப் போட்டாலொழிய விசுவாசிக்கமாட்டேன் என்கிறான் அவன். இதை நாம் எல்லோரும் ஞாயிறு பள்ளியிலேயே படித்துவிட்டோம். அடுத்த வசனத்தைத்தான் நாம் ஓடிக் கடந்துவிடுகிறோம்: ‘மறுபடியும் எட்டுநாளைக்குப்பின்பு அவருடைய சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்.’

அந்த எட்டு நாட்களை நினைத்துப் பாருங்கள், தம்பி. பத்துப் பேர் கண்ணால் கண்டவர்கள். தோமாவோடு சேர்ந்து நடந்தவர்கள், ஒரே அப்பத்தைப் பிட்டுத் தின்றவர்கள், அவனிடம் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லாதவர்கள். அந்தப் பத்துப் பேர் நேருக்கு நேர் சொல்லியும் அவன் நம்பவில்லை. கண்ட சாட்சிகள் பத்துப் பேரால் ஆகாத காரியத்தை, நான் பரிந்துரைக்கும் மூன்று புத்தகங்களைக் கொண்டு நீங்கள் செய்து முடித்துவிடுவீர்களா? ஆனாலும் அந்தப் பத்துப் பேர் தங்கள் சொல்லிலிருந்து பின்வாங்கவில்லை. உனக்கு வருத்தமாக இருந்தால், நாங்கள் கண்டது ஒருவேளை மனத்தோற்றமாக இருக்கலாம் என்று அவனுக்காகத் தங்கள் சாட்சியைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. அவர்கள் ‘கண்டோம்’ என்பதில் நின்றார்கள்; அவன் ‘விசுவாசிக்கமாட்டேன்’ என்பதில் நின்றான்; எட்டு நாட்களுக்குப் பின்னும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். விசுவாசத்தில் உறுதியாக நிற்பது என்றால் என்னவென்று என்னைக் கேட்டால், வேதாகமம் முழுவதிலும் இந்த எட்டு நாட்களைத்தான் நான் காட்டுவேன்.

அதே வசனத்தில் இன்னொன்று இருக்கிறது: ‘கதவுகள் பூட்டப்பட்டிருந்தது.’ வெளியில் இருந்தவர்களுக்கு அஞ்சிப் பூட்டிய கதவு அது. நம்பமாட்டேன் என்று சொன்னவன் கதவுக்கு உள்ளே இருந்தான். இவன் நம்மில் ஒருவன் அல்ல என்று செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ அவனை வெளியே அனுப்பியிருந்தால், இயேசு வந்து நின்றபோது விரலை நீட்டுவதற்கு அங்கே ஆள் இருந்திருக்காது, ‘என் ஆண்டவரே! என் தேவனே!’ என்ற அறிக்கையும் அந்த வீட்டில் ஒலித்திருக்காது. காணாமல் விசுவாசிக்கிறவர்களே பாக்கியவான்கள் என்று இயேசு அவனிடம் சொன்னாரே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னார், காயத்தைக் காட்டிய பிறகு சொன்னார்.

தோமாவைச் சந்தேகப் பேர்வழி என்று மட்டும் நினைக்கிறவர்கள் அதே சுவிசேஷத்தின் பதினான்காம் அதிகாரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ‘நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்’ என்ற வசனம், நீர் போகிற இடத்தை அறியோம், வழியை எப்படி அறிவோம் என்று தோமா கேட்ட கேள்விக்குக் கிடைத்த மறுமொழி. மற்றவர்கள் புரிந்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள், அவன் கேட்டான். அந்தத் தோமாதான் கடல் கடந்து வந்து, சென்னைப் பரங்கிமலையில் உயிர் விட்டு, மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது இந்நாட்டுத் திருச்சபையின் பழமையான மரபு. பரங்கிமலைப் படிகளில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த எட்டு நாட்களின் நினைவுதான் வரும்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். என் அண்ணன் கடந்த ஆகஸ்டில் கோவையில் காலமானார்.

என் அப்பா தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் உபதேசியாராக இருந்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அரிக்கேன் விளக்கைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்போம்: அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, நான் என்பது வரிசை. பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வந்த அண்ணன், தனக்கு நம்பிக்கை இல்லை என்று ஒருநாள் அப்பாவிடம் சொன்னார். அன்றிலிருந்து ஜெப நேரத்தில் வெளியே திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பா அவரை உள்ளே வா என்றும் அழைக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஆனால் அம்மா வாசித்து முடித்ததும், ஒரு வசனம் வாசிக்க ஆகும் நேரம் அப்பா கையை உயர்த்தி எங்களை நிறுத்துவார். பிறகு அக்காவைப் பார்த்துத் தலையசைப்பார். சொந்தப் பிள்ளையைத் திருத்த முடியாதவர் நமக்கு என்ன போதிக்கிறார் என்று சபையில் சிலர் அவர் காதுபடவே பேசினார்கள். அப்பா அடுத்த ஞாயிறும் பிரசங்கத்துக்கு ஏறினார். இரவில் கையை உயர்த்துவதையும் விடவில்லை.

எனக்கு அப்போது பதினேழு வயது. எழுப்புதல் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டு, உங்களைப் போலவே எரிந்துகொண்டு வீடு திரும்பியிருந்தேன். அன்று இரவு அப்பா கையை உயர்த்திய அந்த நேரத்தில், ‘அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக’ என்ற வசனத்தை எடுத்துத் திண்ணைக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தேன். நம்பாதவருக்கு இந்த வீட்டில் சோறு எதற்கு என்றும் கேட்டேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு உறங்கினேன். மறுநாள் காலையில் அவர் கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏறினார். அங்கே ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை. அதன்பிறகு பதினொரு வருடங்கள் அவர் எங்கள் வீட்டில் ஓர் இரவும் தங்கவில்லை.

அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அன்று இரவும் விளக்கைச் சுற்றி அமர்ந்தோம். அம்மா வாசித்து முடித்தார்கள். திண்ணையில் ஆளில்லை. அப்பா கையை உயர்த்தினார். அவர் கண்ணை மூடும் வரை ஒவ்வோர் இரவும் உயர்த்தினார். அந்த இடைவெளியில் வெளியே பனையோலைகள் உரசும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு நான் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். எந்தப் பிரசங்கமும் எனக்கு அவ்வளவு கற்றுத்தந்ததில்லை.

பிற்காலத்தில் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்பா கடைசிவரைக்கும் நிறுத்தினாரா?” நிறுத்தினார் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. இறுதிவரை அவர் நம்பவும் இல்லை. அவர் இறந்த பிறகு அவருடைய அலமாரியில் வேதாகமம் ஏதாவது இருக்குமா என்று தேடினேன், இல்லை. அவர் விரும்பியபடியே தகனம் செய்தோம். நான் அருகில் நின்று எனக்குள் ஜெபித்தேன். கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்தார் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் எள்ளளவும் ஐயமில்லை. அந்த ஐயமின்மையைக் கொண்டு பதினேழு வயதில் நான் என்ன செய்தேன் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

எனவே தம்பி, இதை வாசித்து முடித்ததும் உங்கள் அண்ணனைத் தொலைபேசியில் அழையுங்கள். நீக்கியது தவறு என்று சொல்லி, அந்தக் குழுவில் அவரை மீண்டும் சேர்த்துவிடுங்கள். அக்காவின் பிள்ளைகள் அவர் எழுதுவதைப் படித்துக் கேள்வி கேட்டால், கேட்கட்டும். தங்கள் மாமாவைப் பாட்டி விட்டுவிடவில்லை என்பதையும் அவர்கள் பார்ப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அவர் ஜெபத்தில் உட்கார்ந்தால் உட்காரட்டும், திண்ணையில் இருந்தால் இருக்கட்டும். எழுந்து போகும்படி ஒரு பார்வைகூடப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஆளுக்கொரு வசனம் வாசிக்கும் வழக்கம் இருந்தால், அவருடைய முறை வரும்போது ஒரு வசனத்தின் நேரம் நிறுத்துங்கள். பிறகு நீங்கள் வாசியுங்கள்.