விடை தெரிந்தபின் போடும் கணக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் ஐந்து நண்பர்கள் வார இறுதிகளில் ஒன்றாக அமர்ந்து அறிவியல் புனைவுத் தொடர்களைப் பார்ப்பதும் பிறகு அவற்றைப் பற்றி விவாதிப்பதும் வழக்கம். சமீபத்தில் 'ஸ்டார் வார்ஸ்' உலகின் முன்கதையான 'ஆண்டோர்' தொடரின் இரண்டு சீசன்களையும் பார்த்து முடித்தோம். இரண்டாம் சீசனின் பத்தாவது எபிசோடில், பேரரசின் உளவுத்துறைக்குள் இருந்துகொண்டே தனக்குப் பல ஆண்டுகள் தகவல் தந்த லானியை, கிளர்ச்சியை ரகசியமாக இயக்கும் லூதன் கொன்றுவிடுகிறார். அந்தக் காட்சியோடு எங்களில் ஒருவர் எழுந்து போய்விட்டார். மிச்ச எபிசோடுகளை இன்றுவரை அவர் பார்க்கவில்லை. லூதன் துரோகி என்பது அவர் கட்சி. லானி கொண்டுவந்த செய்தி கிளர்ச்சியாளர்களைச் சென்றடைந்ததால்தான் பின்னால் கிரகங்களையே அழிக்கவல்ல பேரரசின் ஆயுதமான டெத் ஸ்டாரை அழிக்க முடிந்தது, ஆகவே லூதன் செய்தது சரி என்பது என் கட்சி. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ம., ஓசூர்

அன்புள்ள ம.,

உங்கள் கேள்வியை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்தேன். உங்கள் முடிவைவிட, அந்த முடிவுக்கு நீங்கள் சொல்லும் காரணம்தான் என்னை உறுத்துகிறது. டெத் ஸ்டார் அழிந்தது, ஆகவே லூதன் செய்தது சரி என்கிறீர்கள். டெத் ஸ்டார் அழியும் என்பது லூதனுக்குத் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் தெரியும். 2022-ல் முதல் எபிசோடு வருவதற்கு முன்பே, 2016-ல் வெளியான 'ரோக் ஒன்' படத்திலும் 1977-ல் வெளியான முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்திலும் இந்தக் கதையின் முடிவை நாம் பார்த்துவிட்டோம். முன்கதையாக எடுக்கப்படும் தொடர்களில் இது ஒரு பெரிய சிக்கல். பாத்திரங்கள் இருட்டில் தடவித் தடவி நடக்கிறார்கள், நாமோ விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் சரியான பக்கம் திரும்பினார்களா என்று மதிப்பெண் போடுகிறோம்.

லூதனை அவர் நின்ற இருட்டில் வைத்தே பார்ப்போம். முதல் சீசனின் பத்தாவது எபிசோடு உங்களுக்கு நினைவிருக்கும். லானி லிப்டில் கீழே இறங்கி, அந்தப் பாதாள இருளில் லூதனைச் சந்திக்கிறார். தனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இனி இந்த ஒற்று வேலை வேண்டாம் என்று கெஞ்சுகிறார். க்ரீகர் என்ற போராளி ஸ்பெல்ஹாஸ் என்ற இடத்தில் நடத்தப்போகும் தாக்குதல் உளவுத்துறைக்குத் தெரிந்துவிட்டது என்ற செய்தியையும் சொல்கிறார். க்ரீகரை எச்சரித்தால் உள்ளே ஓர் ஒற்றன் இருப்பது வெளிப்பட்டுவிடும், லானி அகப்படுவார். எச்சரிக்காவிட்டால் க்ரீகரும் அவரது ஆட்களும் சாவார்கள். லூதன் எச்சரிக்காமல் இருக்க முடிவு செய்கிறார். அதைக் கேட்டு அதிர்ந்துபோகும் லானி, நீங்கள் எதைத் தியாகம் செய்கிறீர்கள் என்று கேட்கிறார். அதற்கு வரும் நீண்ட பதிலைத் தொடரின் உச்சம் என்று பலரும் கொண்டாடுகிறார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தானே எழுதிவைத்த ஒரு கணக்கின் ஒரே விடையோடு தினமும் கண்விழிப்பதாகவும், தான் ஒருபோதும் காணப்போகாத ஒரு விடியலுக்காகத் தன் வாழ்க்கையை எரித்துக்கொண்டிருப்பதாகவும் அவர் சொல்கிறார்.

லூதனாக வரும் ஸ்டெல்லான் ஸ்கார்ஸ்கார்டின் நடிப்பையும் வசனத்தின் அழகையும் நானும் ரசித்தேன். ஆனால் அந்தக் காட்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லூதன் அந்தப் பதிலை லானியிடம் சொல்கிறார். க்ரீகர் சாகப்போவது தன்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்பதை லானி அறிந்துகொள்கிறார். மறுக்கவும் திட்டவும் விலகப் பார்க்கவும் அவருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. லூதன் அவரை மிரட்டுகிறார், வளைக்கிறார், எனினும் பொய் சொல்லவில்லை. அடுத்த எபிசோடில் இன்னொரு கிளர்ச்சிக் குழுவின் தலைவரான சா கெரேராவிடமும் இதை ஒப்புக்கொள்கிறார். தன் முடிவின் விலையை மூடி மறைக்காத ஒருவரை நாம் எதிர்க்கலாம், வெறுக்கவும் செய்யலாம், ஆனால் அவரோடு வாதாட முடியும். க்ரீகர் விஷயத்தில் நான் லூதன் பக்கம்தான் நிற்கிறேன். மனம் ஒப்பாமல், ஆனாலும் நிற்கிறேன்.

இப்போது லானி கொல்லப்பட்ட அந்தப் பெஞ்சுக்கு வருவோம். பேரரசின் தலைநகரான கோரஸன்டின் பகல் வெளிச்சத்தில், ஆட்கள் நடமாடும் பொதுவெளியில் இருவரும் அமர்ந்திருக்கிறார்கள். லானி தன்னிடம் இருந்த அனைத்தையும் கொட்டிவிடுகிறார்: கோர்மன் என்ற கிரகத்தைப் பற்றி ஊருக்குச் சொல்லப்பட்டது பொய், உண்மையில் அங்கிருந்து எடுப்பது ஒரு ஆயுதத்துக்காக என்று. பதிலுக்குத் தனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் பாதுகாப்பாக வெளியேற வழி கேட்கிறார். அடுத்து நாம் பார்ப்பது, லூதன் நடந்துபோவதையும் லானி உட்கார்ந்தபடியே இறந்துகிடப்பதையும்தான். கொலை நம் கண்ணில் படுவதில்லை. முதல் சீசனில் இதே மனிதரின் கேள்விக்கு ஒரு முழு உரையே பதிலாகக் கிடைத்தது. இங்கே அவருக்கு எதிர்த்து ஒரு சொல் சொல்லும் வாய்ப்புக்கூட இல்லை. அவருடைய மனைவியும் குழந்தையும் பிறகு என்ன ஆனார்கள் என்பதையும் தொடர் நமக்குச் சொல்வதில்லை.

லூதனுக்காக ஒருவர் வாதாடலாம். லானி அகப்படுவது உறுதியாகிவிட்டது, அகப்பட்டால் சித்திரவதையில் எல்லோரையும் காட்டிக்கொடுத்திருப்பார், தப்பவைக்க நேரமும் இல்லை என்று. இதற்கு மறுப்பாக, அதே கோரஸன்டுக்குத் தொடரின் நாயகன் காசியன் வந்து லூதனின் உதவியாளர் க்ளேயாவை மீட்டுக்கொண்டு போகிறானே, லானியை ஏன் மீட்க முடியாது என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். எழுதும்போதே அது தவறு என்று புரிந்தது. அந்த மீட்பு வெற்றிபெறும் என்பதும் லூதனுக்குத் தெரியாத ஒன்றுதான். விளைவைக் காட்டி உங்களை மறுப்பதும், நீங்கள் செய்த அதே பிழைதான். ஆகவே, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்தவற்றை மட்டும் கொண்டு என் கருத்தைச் சொல்கிறேன். தன்னை நம்பித் தன் குடும்பத்தை ஒப்படைக்க வந்த ஒருவரிடமிருந்து செய்தியை வாங்கிக்கொண்ட பிறகு, அந்த நம்பிக்கையையே ஆயுதமாக்கி அவரைக் கொன்றது குற்றம். கிளர்ச்சி வென்றாலும் தோற்றாலும் அது குற்றம்தான்.

நம் மரபில் மறைந்து நின்று கொன்றதைப் பற்றி இன்றுவரை ஓயாத வாதம் ஒன்று உண்டு. கம்பனின் வாலி, மார்பில் பாய்ந்த அம்பைப் பற்றி இழுத்து, அதில் பொறித்திருக்கும் பெயரைப் படிக்கிறான். பிறகு எய்தவனையே எதிரில் வைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்கிறான். ஏன் மறைந்து நின்று எய்தாய் என்ற கேள்விக்குக் கம்பனில் பதில் சொல்வது இலக்குவன், இராமன் அல்ல. அதைப் படிக்கும்போதெல்லாம் நான் சற்று நின்றுவிடுவேன். சாகிறவனுக்குக் கேட்கும் உரிமையைக் கவிஞன் கொடுத்ததனால்தான் அந்த வழக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. லானிக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. அவருக்காகக் கேட்பது உங்கள் நண்பரைப் போன்ற பார்வையாளர்கள் தலையில் விழுந்திருக்கிறது.

முடிவு தெரியாமல் ஒரு நாயகனின் தேர்வை எடைபோடுவது எப்படி இருக்கும் என்று உணர விரும்பினால், 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1998 ஏப்ரலில் ஒளிபரப்பான ஓர் எபிசோடைப் பாருங்கள். போரில் இறந்தவர்களின் பட்டியலை வெள்ளிக்கிழமைதோறும் ஒட்டும் கேப்டன் சிஸ்கோ, ரோமுலர்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தாரைத் தன் பக்கம் போருக்கு இழுக்கப் பொய்ச் சாட்சியம் ஒன்றைத் தயாரிக்கிறார். அது போலி என்று கண்டுபிடித்துவிடும் ரோமுலன் செனட்டரை சிஸ்கோவின் கூட்டாளி காராக் குண்டு வைத்துக் கொல்கிறான். போலியைச் செய்து கொடுத்தவனும் கொல்லப்படுகிறான். சிஸ்கோ இதையெல்லாம் கேமராவைப் பார்த்து, அதாவது நம்மைப் பார்த்து, தன் நாட்குறிப்பில் சொல்கிறார். இதோடு என்னால் வாழ முடியும் என்று முடிக்கிறார். பிறகு அந்தப் பதிவை அழித்துவிடுகிறார். அன்று அதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் போர் எப்படி முடியும் என்று தெரியாது. தொடர் நிறைவுபெற்றது 1999 ஜூனில்தான். சிஸ்கோ நின்ற அதே இடத்தில் நின்றுதான் அவர்களும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே இருப்பில் எல்லா எபிசோடுகளையும் பார்த்துவிடும் நமக்கு அந்தக் காத்திருப்பு வாய்ப்பதில்லை. சிஸ்கோவைப் பற்றி என் கருத்து என்ன என்று கேட்பீர்கள். அவர் செய்த மோசடியைவிட, அந்தப் பதிவை அழித்ததுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. லூதன் முதல் சீசனில் செய்யாத ஒன்றை அவர் செய்தார்.

எழுந்து போன உங்கள் நண்பரிடம் ஒன்று சொல்லுங்கள். அவருடைய கோபம் நியாயமானது, ஆனால் அவர் எழுந்த இடத்திலிருந்து கொஞ்ச நேரம் தள்ளி, அதே எபிசோடிலேயே அவருடைய கேள்வி மறுபடி வருகிறது. பிடிபடாமல் இருக்கத் தன்னையே கத்தியால் குத்திக்கொண்ட லூதன், சாகாமல், பேரரசின் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கிறார். நினைவு திரும்பினால் பேசவைப்பார்கள். க்ளேயா வேடமிட்டு உள்ளே நுழைகிறாள். சிறுமியாக இருந்தபோது, தன் மக்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய கப்பலுக்குள் ஒளிந்துகொண்டவள் அவள். லூதன் வளர்த்த பெண். லானியை லூதன் எந்தக் காரணத்துக்காகக் கொன்றாரோ, அதே காரணத்துக்காக அவள் அவரை உயிரோடு வைத்திருக்கும் கருவிகளை நிறுத்த வேண்டும். ஆனால் அவள் உடனே திரும்பிப் போய்விடுவதில்லை. கட்டிலருகே நிற்கிறாள், அழுகிறாள். லானிக்கு அந்தப் பெஞ்சில் கிடைக்காத அந்தச் சில நிமிடங்களை நண்பர் பார்த்துவிட்டு, பிறகு உங்களோடு மீண்டும் விவாதத்துக்கு உட்காரட்டும்.

அன்புடன்.