சி மொழியில் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றுவது எப்படி?

வெள்ளவத்தைக் கடைகளின் பட்டியலைக் கோப்பிலிருந்து வாசித்து அச்சிடும்போது இறுதியில் குப்பை எழுத்துகள் வருவதாகவும், எழுத்துகளை எண்ணியே நினைவகம் ஒதுக்கியதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பிழை அந்த எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. 'கொழும்பு' நமக்கு நான்கெழுத்து. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் சேமித்த கோப்பிலோ, எழுத்தும் அதனோடு சேரும் குறியும் தனித்தனி என்பதால், அது எட்டுக் குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24 பைட்.

ஆகவே அளவைக் கோப்பிடமே கேளுங்கள். எஃப்ஓப்பனில் (fopen) 'ஆர்பி' (rb) என்ற இரும முறையில் திறந்து, எஃப்சீக் (fseek) மூலம் இறுதிக்குச் சென்று, எஃப்டெல் (ftell) தரும் பைட் எண்ணைக் குறித்துக்கொண்டு, ரீவைண்டால் (rewind) தொடக்கத்துக்குத் திரும்பிய பின், அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி, நினைவகம் ஒதுக்கும் மாலக்கில் (malloc) இடம் கேளுங்கள். அந்த இடத்துக்குள் எஃப்ரீட் (fread) மூலம் கோப்பை வாசியுங்கள். மேலே சொன்ன ஒற்றைச் சொல் மட்டுமுள்ள கோப்புக்கு 25 பைட் வேண்டும். அந்த ஒரு பைட் சரத்தை முடிக்கும் சுழியத்துக்கானது. எஃப்ரீட் அதைத் தானாக இடாது என்பதால்தான் அச்சிடும் செயற்கூறு எல்லை தாண்டி அடுத்த நினைவகத்தையும் வாசித்துவிடுகிறது.

சுழியத்தை எஃப்ரீட் திருப்பித் தரும் எண்ணின் இடத்திலேயே வையுங்கள், எஃப்டெல் சொன்ன இடத்தில் அல்ல. விண்டோஸில் உரை முறையில் திறந்தால் வரிமுடிவின் இரண்டு பைட்டுகள் ஒன்றாகச் சுருங்குவதால் இவ்விரு எண்களும் வேறுபடும். இதைக் கவனியாமல் விடுவோர் மிகப் பலர். மாலக் இடம் கிடைக்காமல் வெற்றுச் சுட்டியைத் (NULL) தந்ததா என்பதையும் கட்டாயம் சோதியுங்கள். வேலை முடிந்ததும் கோப்பை மூட எஃப்குளோஸ் (fclose), நினைவகத்தை விடுவிக்க ஃப்ரீ (free) இரண்டையும் அழையுங்கள்.

வேறொரு நிரலிலிருந்து குழாய்வழி (pipe) வரும் உள்ளீட்டில் எஃப்சீக் தோல்வியடையும். அங்கே துண்டு துண்டாக வாசித்து, ரீஅலாக்கால் (realloc) இடத்தைப் பெருக்குவதே வழி.