தையலைப் பிரிக்கப்போவது யார்?

கேள்வி: நான் மதுரையில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உகாண்டாவின் புசோகா பகுதிக் கிராமங்களுக்குச் செல்லும் நடமாடும் மருத்துவ முகாமில் மூன்று வாரம் தன்னார்வலராகப் பணியாற்ற இடம் கிடைத்திருக்கிறது. இங்கே போல இல்லாமல், அங்கே மாணவர்களையே தையல் போடவும் பிரசவம் பார்க்கவும் விடுவார்களாம். செலவு இரண்டரை லட்சம். அம்மா நகையை அடகு வைக்கச் சம்மதித்துவிட்டார், அப்பாதான் மறுக்கிறார். ஏழைகளுக்குச் சேவை செய்வதன் அருமையை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் அப்பாவை வழிக்குக் கொண்டுவரும் வித்தையை நான் சொல்லித்தரப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் சேவை என்ற சொல் கடைசி வரியில்தான் வருகிறது. ஆவல் முழுவதும் அந்த 'விடுவார்களாம்' என்ற சொல்லில் இருக்கிறது. மதுரையில் தையல் ஊசியைத் தொட அனுமதியில்லாத உங்களுக்கு, விமானத்தை விட்டு இறங்கியதும் அந்தத் தகுதி எங்கிருந்து வரும்? அங்குள்ளவர் ஏழை, எதிர்த்துக் கேட்கமாட்டார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நாளை உங்கள் அம்மா அரிவாள்மணையில் கையைக் கிழித்துக்கொண்டால், தமிழில் ஒரு சொல்லும் தெரியாத வெளிநாட்டு இரண்டாம் ஆண்டு மாணவரிடம் அந்தக் கையை நீட்டச் சொல்வீர்களா?

தையல் போட்டதோடு வேலை முடிவதில்லை. கையில் போட்ட தையலை ஏழு முதல் பத்து நாளுக்குள் பிரிக்க வேண்டும். இடையில் சீழ் பிடித்தால் யாராவது பார்க்க வேண்டும். அதற்குள் உங்கள் வண்டி வேறு ஊருக்குப் போயிருக்கும், நீங்கள் மதுரைக்கே திரும்பியிருந்தாலும் வியப்பில்லை. நீங்கள் தையல் போட்ட பெண், 'போடா போடா' என்று அங்கே அழைக்கப்படும் வாடகை மோட்டார் சைக்கிளுக்குக் (நம் காதுக்கு ஆளை விரட்டுவது போலத்தான் கேட்கும்) காசு புரட்டிக்கொண்டு சுகாதார நிலையத்தைத் தேடிப் போக வேண்டும்.

நான் வீணாகப் பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். அதே புசோகாவின் ஜிஞ்சா நகரில், மருத்துவம் படிக்காத ஓர் அமெரிக்கப் பெண்மணியும் அவர் தொடங்கிய குழந்தைகள் மையமும்தான் தங்கள் பிள்ளைகளின் இறப்புக்குக் காரணம் என்று இரண்டு தாய்மார்கள் 2019-இல் வழக்குத் தொடுத்தார்கள். அவரை மருத்துவர் என்றே நம்பியதாகவும் சொன்னார்கள். அவர் மறுத்தார். 2020-இல், பொறுப்பை ஏற்காமலே, பணம் கொடுத்துச் சமரசமாக முடித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவிக்கு அங்கே வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. விக்டோரியா ஏரிக்கரை ஊர்களில், நீர்நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா நோய்க்கு, பிள்ளைகளை அளவுகோலில் சாய்த்து நிறுத்தி உயரத்தைப் பார்த்தே மாத்திரை கொடுப்பார்கள்: 94 சென்டிமீட்டர் இருந்தால் ஒன்று, 110-ஐத் தொட்டால் ஒன்றரை. கோலைப் பிடிக்கலாம், மாத்திரையை எண்ணலாம். மலேரியா மாத்திரையை மூன்று நாளில் ஆறு வேளை கொடுக்க வேண்டும், இரண்டாம் வேளை எட்டு மணி நேரம் கழித்து, காய்ச்சல் விட்டுவிட்டதே என்று பாதியில் நிறுத்தக்கூடாது என்று ஒரு தாய்க்கு லுசோகா மொழியில் பொறுமையாகச் சொல்லும் கிராமச் சுகாதாரத் தன்னார்வலரின் பக்கத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுதலாம். மீதி மாத்திரையைக் கொடுத்தாளா என்று மறுநாள் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்கக்கூடியவர், அதே ஊரில் வாழும் அவர்தான்.

இதற்காக அம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போக வேண்டுமா? கூடாது என்பேன். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் எடுப்பதற்கென்று இருக்கும் நகையை, இன்னும் ஒரு ரூபாய் சம்பாதிக்காத மகள் தன் அனுபவத்துக்காகக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய காலத்து மனுஷி என்று சொன்னாலும் பரவாயில்லை. அம்மா சம்மதித்தார் என்று எழுதிய நீங்கள், அப்பா என்ன காரணம் சொல்லி மறுக்கிறார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்டீர்களா?

ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை முடித்து, பதிவெண் வாங்கி, சொந்தச் சம்பாத்தியத்தில், ஆறு மாதமாவது தங்குவதாகப் போனால் முதல் ஆளாக வாழ்த்துவேன். இப்போதே போயாக வேண்டும் என்றால், அந்த அமைப்புக்கு இன்றே எழுதிக் கேளுங்கள்: முகாமின் மருத்துவர் உகாண்டா மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா, மாணவர்களை எதையெல்லாம் செய்ய விடமாட்டார்கள், வண்டி போன பிறகு தையலைப் பிரிப்பது யார்? வரும் பதிலை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போய் உட்காருங்கள்.