டென்ட் அனுமதி யாருடைய பெயரில் இருக்கிறது?

கேள்வி: சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் நக்கிள்ஸ் மலையில் மூன்று நாள் டென்ட் அடித்து நடக்கப் போகிறோம். "பெர்மிட் எல்லாம் நான் பார்க்கிறேன், முற்பணம் போடுங்கள்" என்று பேஸ்புக்கில் ஒருவர் சொல்கிறார். போடலாமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: போடாதீர்கள், தம்பி. நுழைவாயிலில் வாங்கும் டிக்கெட் பகலில் போய்வருவதற்குத்தான். காட்டுக்குள் இரவு தங்க வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். இந்த ஆட்கள் பகல் டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பி, அதையே பெர்மிட் என்பார்கள். காட்டில் பிடிபடுவது நீங்கள். அவருடைய போன் அப்போது வேலை செய்யாது. உங்கள் பெயர்களும் திகதிகளும் உள்ள கடிதத்தையும் பற்றுச்சீட்டையும் கையில் வாங்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

ஒரு டென்ட் அனுமதிக்காக வேலைக்குப் போகிறவன் லீவு எடுத்து அலைய வேண்டியிருப்பதால்தான் இவர்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது. இதைச் சீர்செய்ய என்ன தடை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மீமுரே கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கினால் கதை வேறு. அது ஊர், காடல்ல. வீட்டில் படுக்க டென்ட் அனுமதி தேவையில்லை. வீட்டுக்காரரின் முற்றத்தில் டென்ட் அடித்தாலும் அப்படித்தான். ஆனால் அந்த வீட்டிலிருந்து காலையில் காட்டுப் பாதையில் ஏறினால் டிக்கெட் வேண்டும். அன்றிரவு மேலேயே தங்கினால் அனுமதியும் வேண்டும். "ஊர்க்காரர் கூட வருகிறார்" என்பது அனுமதி ஆகாது. பாதை தெரிந்த ஊர்க்காரரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அது உங்கள் பாதுகாப்புக்கு. மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது.

சரி, ஏப்ரலில் பின்னேரங்களில் இடியுடன் மழை வரும். விடிந்ததும் நடக்கத் தொடங்கி ஒரு மணிக்குள் டென்டை அடித்துவிடுங்கள். திறந்த புல்வெளி முகட்டிலும் ஓடைக்கரையிலும் அடிக்க வேண்டாம். அட்டைக்கு நீளக் காலுறை போதும். புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக வரும். மீமுரே இருக்கும் உடுதும்பரைப் பிரிவுக்கு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

போகும் பாதை, திரும்பும் நேரம், வழிகாட்டியின் போன் இலக்கம் மூன்றையும் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். மேலே பல இடங்களில் சிக்னல் இல்லை. நேரத்துக்கு வராவிட்டால் பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அழைக்க வேண்டியது உங்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.