அப்பாவின் குரலும் மகனின் மூச்சும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் தற்செயலாக இத்தாலிய ஓபரா (இசை நாடக) பாடகர் பாவரொட்டி பாடுவதைக் கேட்டேன். ஒரு சொல் புரியவில்லை, ஆனால் கண் கலங்கிவிட்டது. அப்புறம் தேடிப் படித்தால், அவருக்கு இசைக்குறிப்பே வாசிக்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் இது பிறவிக் குரல்தானே? பயிற்சி என்பதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்கா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குறிப்பு வாசிக்கத் தெரியாது என்பதை அவர் மறுத்திருக்கிறார். ஆர்கெஸ்ட்ராவின், அதாவது வாத்தியக் குழுவின், பகுதிகளைப் பின்தொடர்வதில் சிரமம் உண்டு என்று மட்டும் ஒப்புக்கொண்டார். அதை விடுங்கள். 'பிறவிக் குரல்' என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அவருடைய அப்பா பெர்னாண்டோவைப் பாருங்கள். இத்தாலியின் மோதெனா நகரத்தில் ரொட்டி சுட்டவர். அருமையான டெனர் குரல், அதாவது ஆண்களின் உச்சஸ்தாயிக் குரல். ஆனால் மேடை என்றால் நடுக்கம். அதனால் ஊர்ப் பாடகர் குழுவோடு நிறுத்திக்கொண்டார். மகனும் அதே குழுவில் பாடினார். 1955-இல் வேல்ஸில் நடந்த இசைப்போட்டியில் அந்தக் குழுவுக்கு முதல் பரிசு கிடைத்தது. ஒரே வீட்டில் இரண்டு குரல்கள். உலகத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

மகனுக்கு அரிகோ போலா என்ற டெனர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். முதல் ஆறு மாதம் பாட்டே கிடையாது. உயிரெழுத்து ஒலிகள் மட்டும்! பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர் வேலை, பிறகு இன்சூரன்ஸ் விற்பனை. வருடங்கள் போனதுதான் மிச்சம். குரல்நாணில் முடிச்சும் வந்தது. பாடுவதையே விட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தார். நல்லவேளை, அந்த முடிச்சு சரியானது. 1961 ஏப்ரல் 29 அன்று ரெஜ்ஜோ எமிலியாவில் 'லா போயெம்' ஓபராவில் நாயகன் ரொடோல்ஃபோவாக முதன்முதலில் மேடையேறினார்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதற்கு அப்புறம் வருகிறது. 1965, ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம். சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பாடகி) ஜோன் சதர்லேண்ட் நல்ல உயரம். ஜோடியாக நிற்க உயரமான டெனர் தேவைப்பட்டதால் பாவரொட்டியை அழைத்தார்கள். லண்டனிலும் மிலானிலும் ஏற்கெனவே பாடியவர் இவர். ஆனாலும் சதர்லேண்ட் பாடும்போது அவருடைய விலாவுக்குக் கீழே கை வைத்து, மூச்சு எங்கே நிற்கிறது, எப்படி இறங்குகிறது என்று தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஓபரா அரங்கில் மைக் கிடையாது. ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும். அந்தப் பாரத்தைத் தொண்டை சுமந்தால் குரல் தேய்ந்துவிடும். வயிறும் விலாவும்தான் சுமக்க வேண்டும்.

1972 பிப்ரவரி 17, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ஒரே பாட்டில் ஒன்பது 'ஹை சி', டெனர் குரல் எட்டும் உச்ச சுரம். ரசிகர்கள் 17 முறை திரைக்கு முன்னால் அழைத்தார்கள். அந்தக் கைகள் கற்ற பாடம் அது.

1990 கால்பந்து உலகக் கோப்பையையொட்டிப் பாடிய பிறகு அவர் புகழ் எங்கோ போய்விட்டது. ஆனால் 1992-இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் 'டான் கார்லோ' ஓபரா பாடியபோது குரல் பிசகி, மாடியிலிருந்து கூச்சல் போட்டார்கள். பிறவிக் குரல் அன்றைக்கு மட்டும் எங்கே போயிருந்தது?

இசை நடத்துநர் கரயான் நடத்த, பாவரொட்டி ரொடோல்ஃபோவாகப் பாடிய 1972 'லா போயெம்' ஒலிப்பதிவைக் கேளுங்கள். நாயகி மிமியாகப் பாடும் மிரெல்லா ஃப்ரேனியும் பாவரொட்டியைப் போலவே மோதெனாவில் 1935-இல் பிறந்தவர். மிமியின் சில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டு ரொடோல்ஃபோ பாடும் பாட்டில், 'ஸ்பெரான்ஸா' என்ற சொல்லில் அந்த ஹை சி வரும். நம்பிக்கை என்று பொருள். 'ரான்' என்ற அசையில் குரல் ஏறி நிற்கும்போது கவனியுங்கள்: போலாவிடம் ஆறு மாதம் பழகிய அதே 'ஆ'.