ஃப்ளோரிடா ஸ்டேட் பார்க்கும் மிச்சிகன் நம்பர் பிளேட்டும்: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணே,

ஃப்ளோரிடால, டாம்பால ரொம்ப வருஷமா இருக்கேன். தெக்க கீஸ் தீவுங்கள்ல இருக்கற பஹியா ஹோண்டா ஸ்டேட் பார்க்ல பசங்களோட ஒரு வெள்ளி சனி, ரெண்டே ராத்திரி டென்ட் போடணும்னு ஆசை, இதுவரைக்கும் கிடைச்சதே இல்ல. குளிர்காலம் வந்தா மிச்சிகன், ஒஹாயோ, கனடா நம்பர் பிளேட் போட்ட ஆர்வியா, அதான் உள்ளயே படுத்துத் தூங்கற வீட்டு வண்டியாத்தான் நிக்குது. டேக்ஸ் கட்டறது நாங்க, அனுபவிக்கறது அவங்களா? 2024 ஜனவரிலேர்ந்து புக்கிங் எங்களுக்கு 11 மாசம் முன்னாடி, வெளியூர்க்காரங்களுக்கு, அதான் வேற ஸ்டேட்காரங்களுக்கு, 10 மாசம் முன்னாடி திறக்கும்னு சட்டமே வந்துடுச்சு, அப்பவும் நமக்கு நாமம்தான். ஒரு மாசமெல்லாம் பத்தாது, ஆறு மாசம் வித்தியாசம் வேணும், வாடகையும் ரெண்டு மடங்கு வாங்கணும். நீங்க என்ன சொல்றீங்க?

பி.கு: அடுத்த குளிருக்கு அப்பா அம்மா மதுரைலேர்ந்து வர்றாங்க, அவங்களையும் கீஸுக்குக் கூட்டிட்டுப் போகணும்.

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

*

வணக்கம் தம்பி,

நான் இருக்கறது அட்லாண்டா பக்கம், உங்க கணக்குல நானும் வெளியூர் நம்பர் பிளேட்டுதான், அதனால என் பேச்சுல கொஞ்சம் சுயநலம் இருக்கும், அதைக் கழிச்சுட்டுப் படிங்க.

ரெண்டு மடங்கு வாடகை விஷயத்துல உங்களோட எனக்குச் சண்டையே இல்ல. ஐடஹோ 2021-லயே கூட்டம் அதிகமா வர்ற அஞ்சு பார்க்ல வெளியூர்க்காரங்களுக்கு கேம்பிங் கட்டணத்தை டபுள் பண்ணிட்டாங்க. ஹவாய்ல உள்ளூர்க்காரங்களுக்கு ஒரு கேம்ப்சைட் 20 டாலர்னா மத்தவங்களுக்கு 30. கோர்ட்டும் இதுக்கு எதிரா இல்ல, 1978-லயே மொன்டானா எல்க் (பெரிய மான்) வேட்டை கேஸ் ஒண்ணு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, உள்ளூர்க்காரன் 9 டாலர் லைசென்ஸ்ல எல்க் வேட்டைக்குப் போலாம், வெளியூர்க்காரன் மத்த விலங்குக்கும் சேர்த்து 225 டாலர் கூட்டு லைசென்ஸ் வாங்கியே ஆகணும்னு இருந்துச்சு, பொழுதுபோக்கு வேட்டை ஒண்ணும் அடிப்படை உரிமை இல்ல, வித்தியாசமா வாங்கினா தப்பில்லன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. வேட்டைக்கே அப்படின்னா டென்ட் போடறதுக்குக் கேக்கவே வேணாம்.

ஆனா அந்த ஆறு மாசம்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. நிலம், நீர் பாதுகாப்பு நிதின்னு 1965-லேர்ந்து ஒரு ஃபெடரல் நிதி இருக்கு, கடல்ல எண்ணெய் எடுக்கற கம்பெனிங்க கட்டற ராயல்டிலேர்ந்து பெரும்பாலும் வர்ற காசு, நாடு முழுக்க ஸ்டேட் பார்க்குங்க இதுல கை நீட்டியிருக்கு. அந்தக் காசு வாங்கின இடத்துல வெளியூர்க்காரங்ககிட்ட கட்டணம் கூட வாங்கிக்கலாம், ஆனா உள்ளூர்க் கட்டணத்துல ரெண்டு மடங்குக்கு மேல போகக் கூடாது, ரிசர்வேஷன் திறக்கற காலம் மட்டும் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்னு விதி. இதை வச்சுப் பாத்தா ஃப்ளோரிடா குடுக்கற ஒரு மாசச் சலுகையே விளிம்புலதான் நிக்குது, நீங்க ஆறு கேக்கறீங்க.

அப்புறம் "டேக்ஸ் கட்டறது நாங்க". இதை வேற ஸ்டேட்காரங்க சொன்னா வாயை மூடிட்டுக் கேட்டுப்பேன், ஃப்ளோரிடாக்காரர் சொன்னா சிரிப்புதான் வருது தம்பி, உங்க ஊர்ல ஸ்டேட் இன்கம் டேக்ஸே கிடையாதே! 6 சதவீதம் சேல்ஸ் டேக்ஸ்ல பெரிய பங்கு டூரிஸ்ட்டுங்க ஹோட்டல்லயும் கடையிலயும் கட்டறது. காடு வாங்கிப் பாதுகாக்க 2014-ல நீங்கள்லாம் ஓட்டு போட்டு ஒதுக்கின பணமும் வீடு கைமாறும்போது வாங்கற ஸ்டாம்ப் வரிலேர்ந்து வர்றது, 100 டாலருக்கு 70 சென்ட், 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 2,800. ரிடையர் ஆகி அங்க காண்டோ, அதான் அபார்ட்மென்ட் வீடு, வாங்கற மிச்சிகன் தாத்தாவோட வீட்டுக்கும் அதே வரிதான். உங்க வீட்டுக்குக் கிட்டயே ஹில்ஸ்பரோ ரிவர் ஸ்டேட் பார்க் இருக்கே, அந்தத் தொங்கு பாலத்துல பசங்க ஓடி ஆட்டியிருப்பாங்க, அதைக் கட்டினது 1930-கள்ல வேலையில்லாத பையன்களுக்காக ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சிசிசி படை. மொத்த நாட்டுக் காசு அது.

சரி, உங்களுக்கு ஏன் கிடைக்கல? காலண்டரை எடுத்து வச்சுக்கிட்டுப் பாருங்க. 2027 ஜனவரி 15 வெள்ளி, 16 சனி உங்களுக்கு வேணும். 11 மாசம் முன்னாடின்னா 2026 பிப்ரவரி 15 காலைல எட்டு மணிக்கு ரெடியா உக்காந்திருப்பீங்க. ஆனா அந்த 11 மாசம் எண்றது வந்து இறங்கற தேதிலேர்ந்து, ஒரு தடவைக்கு 14 ராத்திரி வரைக்கும் போடலாம். ஜனவரி 4-ஆம் தேதி வர்றேன், 14 ராத்திரி தங்கறேன்னு ஒருத்தர் பிப்ரவரி 4-லயே போட்டுட்டா உங்க வெள்ளியும் சனியும் அவர் மடியில. நீங்க பதினொரு நாள் கழிச்சு எட்டு மணிக்கு எவ்வளவு வேகமா கிளிக் பண்ணாலும் அங்க ஒண்ணுமே இருக்காது. அந்தப் பிப்ரவரி 4-ல போட்டவர் யாருங்கறீங்க, மிச்சிகன்காரருக்கு மார்ச் 4 வரைக்கும் திறக்கவே திறக்காது, அப்ப அது ஃப்ளோரிடா டிரைவிங் லைசென்ஸ் வச்சிருக்கற ஆள்தான்! உங்க ஸ்டேட்லயே ஓகாலாலயோ நேப்பிள்ஸ்லயோ ரிடையர் ஆனவரா இருக்கும், இல்லன்னா வருஷம் பூரா ஆர்விலயே ஊர் ஊரா திரிஞ்சுட்டு, இன்கம் டேக்ஸ் இல்லைங்கறதுக்காக ஃப்ளோரிடால ஒரு தபால் விலாசத்தைக் காட்டி லைசென்ஸ் வாங்கினவரா இருக்கும், இது சட்டப்படி சரிதான், டெக்ஸஸ்லயும் சவுத் டகோட்டாலயும்கூட இப்படி ஆயிரக்கணக்கான பேர். மிச்சிகன் பிளேட்டுங்க பெரும்பாலும் யாரோ கேன்சல் பண்ணதைத் தினமும் திரையைப் பாத்துட்டே இருந்து பிடிச்சதா இருக்கும், அதுக்கும் வேணும் நேரம்.

ஆக உங்ககிட்டேர்ந்து சைட்டைத் தட்டிட்டுப் போறது வெளியூர்க்காரன் இல்ல, 14 நாள் லீவு தேவைப்படாதவன். ஆறு மாசம் என்ன, ஒரு வருஷம் வித்தியாசம் குடுத்தாலும் வேலைக்குப் போற, ஸ்கூல் பசங்க வச்சிருக்கற குடும்பத்துக்கு வெள்ளி சனி கிடைக்காது. உங்க எம்எல்ஏக்கு, அதான் ஸ்டேட் ரெப்புக்கு, எழுதறதா இருந்தா வேற கேளுங்க. நம்ம ரயில்ல தட்கல் மாதிரி ஒவ்வொரு பார்க்லயும் கொஞ்சம் சைட்டை நிறுத்தி வச்சு ரெண்டு வாரம் முன்னாடி மட்டும் திறக்கச் சொல்லுங்க. சீசன்ல 14 ராத்திரியை ஏழாக் குறைக்கச் சொல்லுங்க. புக் பண்ணிட்டு வராதவங்களுக்கும் கடைசி நேரத்துல கேன்சல் பண்றவங்களுக்கும் வலிக்கற மாதிரி அபராதம் போடச் சொல்லுங்க, கலிஃபோர்னியா இதுக்கு 2023-ல சட்டமே போட்டாங்க. இதுல ஆர்வி சங்கத்துப் பெரியவங்க கோச்சுப்பாங்க, கோச்சுக்கட்டும்.

அப்பா அம்மா விஷயம். ஸ்டேட் பார்க்ல புக்கிங் உங்க லைசென்ஸ்ல போகும், அவங்களால சிக்கல் இல்ல. போற வழியில எவர்கிளேட்ஸ் பாத்துட்டுப் போலாம்னு நெனச்சிருந்தா மட்டும் கவனிங்க, அது நேஷனல் பார்க், 2026 ஜனவரிலேர்ந்து அமெரிக்காவுல வசிக்காதவங்களுக்கு, 16 வயசும் அதுக்கு மேலயும் ஆனவங்களுக்கு, தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் போட்டிருக்கற 11 பார்க்ல அதுவும் ஒண்ணு. ரெண்டு மடங்குக்கே நாம இவ்வளவு பேசறோம். முதலை பாக்கறதுதான் ஆசைன்னா டாம்பாலேர்ந்து 41-ஆம் நம்பர் ரோட்டைப் பிடிச்சு வாங்க, பிக் சைப்ரஸ்ங்கற சதுப்புக் காட்டு வழியாத்தான் அது போகும், அங்க நுழைவுக் கட்டணமே கிடையாது, ஒயாசிஸ் விசிட்டர் சென்டர்ல வண்டியை நிறுத்திட்டு மரப்பாதைல நின்னா குளிர்காலத்துல கீழ கால்வாய்லயே வரிசையாப் படுத்திருக்கும். அப்பாவுக்கு வெயில் தொப்பி எடுத்துக்கோங்க, அங்க நிழல் கம்மி.